சுழிக்காற்று எந்தப் பக்கம் சுற்றும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் வெட்டவெளியில் கிளம்பும் சுழிக்காற்று பற்றி உங்கள் சிறுவர் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பூமி சுழல்வதால்தான் அந்தக் காற்றும் சுழல்கிறது என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்காக நீடிக்கும் வங்கக் கடல் புயலுக்கு அது பொருந்தும். காட்டுப் புழுதியில் ஓரிரு நிமிடம் ஆடி ஓயும் காற்றுக்குப் பொருந்தாது. சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில், பூமி தன் அச்சில் ஒரு நாளில் சுற்றினாலும், நம் காலடித் தரை நம் உச்சந்தலைக்கு நேர்மேலே போகும் கோட்டைச் சுற்றித் தட்டாமாலை போல ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 4 நாட்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு மெதுவான திருப்பம் இவ்வளவு சின்னக் காற்றின் திசையைத் தீர்மானிக்க முடியாது. சுழிக்காற்று வலமாகவும் சுற்றும், இடமாகவும் சுற்றும்.

இதை அடுப்படியிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். வாயகன்ற வாணலியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, கொதி வரும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது, ஜன்னலைச் சாத்திவிடலாம். பின்னால் ஒரு கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு டார்ச் வெளிச்சம். ஆவி மொத்தமாக எழும்பாமல் அங்கங்கே மெல்லிய திரிகளாக முறுக்கிக்கொண்டு எழுவதும், சில நொடிகளில் அறுந்து போவதும் தெரியும்.

சூடான காற்று மேலே போனதும் அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று உள்ளே வருகிறது. அது நேராக நடுமையத்துக்கு வருவதில்லை. கொஞ்சம் ஒதுங்கித்தான் வரும். அந்தச் சிறு ஒதுக்கம் போதும். மையத்திலிருந்து தூரம் பாதியானால் சுற்றிவரும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

அப்புறம், இரண்டு தகரத் தகடுகளை அரைவட்டமாக வளைத்து வாணலியைச் சுற்றி நிறுத்தலாம். இரண்டும் சேருமிடத்தில் ஒன்றின் விளிம்பு மற்றதற்குச் சற்று வெளியே தள்ளி நிற்கட்டும். காற்று அந்த இடுக்கு வழியாகச் சாய்வாக நுழைந்து ஒரே சுழலாகத் திரளும். இடுக்குகளை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மாற்றி வைத்தால் சுழலும் எதிர்த்திசையில் சுற்றும். வகுப்பில் இதைப் பார்த்த பிள்ளை திசைக்குப் பூமியைக் காரணம் சொல்லாது.

இயற்கையிலும் இப்படி நடக்கிறது. 1971 ஜனவரியில் கடுங்குளிர் காற்று வீசியபோது அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கு மேல் ஆவிச் சுழல்கள் எழுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே, குளிர்காற்றைவிடச் சூடாக இருந்த ஏரி நீர்தான் வாணலி.

அடுத்த இதழில் திருத்தத்தோடு இந்தச் சோதனையையும் படம் போட்டு வெளியிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயைக் காய்ச்சவே கூடாது என்ற இரண்டையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர்.