நுண்ணோக்கி வாங்க உதவுங்கள்: செல்லைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்

நண்பர்களே, நேராக விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளைகள் எல்லோரும் முறைவைத்துப் பயன்படுத்த, பொதுவில் நான்கு நுண்ணோக்கிகள் வாங்க வேண்டும். அதற்கு உங்கள் நன்கொடை தேவை.

இப்போது இருப்பது ஒன்றே ஒன்று, அதன் லென்ஸிலும் பூஞ்சை படர்ந்துவிட்டது. போன முறை பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நொடிகள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்து, தடித்த கறுப்பு ஓரம் வைத்த அழகான வட்டம் ஒன்றை வரைந்து, "இதுதான் செல்" என்று காட்டினாள். அது காற்றுக் குமிழி. கவர் ஸ்லிப்பை, அதாவது ஸ்லைடு என்ற கண்ணாடித் தகட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டை, சாய்வாகப் பிடித்து மெல்ல இறக்காவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், புதிதாகப் பார்க்கும் யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அவளை உட்காரவைத்து இன்னொரு ஸ்லைடு போடச் சொல்ல நேரமில்லை, பின்னால் அவ்வளவு பேர் நிற்கிறார்கள். அன்றைக்குத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

அவள் பார்த்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால், செங்கல் அடுக்கிய சுவர்போல் செல்கள், ஒவ்வொன்றிலும் பழுப்பு மஞ்சளில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுதான் உட்கரு. பல செல்களில் அது ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும், ஏனென்றால் நடுவிடத்தைப் பெரிய நுண்குமிழ் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி மெத்திலீன் நீலம் சேர்த்தால், செல் சுவரே இல்லாத, ஓரம் மடங்கிய நம்முடைய சொந்தச் செல்கள். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையில் இன்னும் அருமை: பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் செல்லின் ஓரத்தை ஒட்டி வரிசையாக ஊர்ந்து போகும். பாடப்புத்தகப் படத்தில் ஒருநாளும் எதுவும் நகர்ந்ததில்லையே!

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தவை உயிரில்லாத வெற்று அறைகள்தாம். உட்கருவுக்கு அந்தப் பெயரை ராபர்ட் பிரௌன் வைத்தது 1831இல். இத்தனை தலைமுறை கழித்துக் கிடைத்ததை நம் பிள்ளை ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம், நல்ல லென்ஸ் மட்டும் இருந்தால்.

அந்த லென்ஸ் விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பெட்டியில் 1200 மடங்கு என்று அச்சடித்த விளையாட்டுச் சாமான் ஏன் போதாது என்று சிலர் கேட்டார்கள். தெளிவில்லாததைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். சாதாரண ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதானாலும் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குள் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் மிகச் சிறிய ரைபோசோமைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், அது நம் வேலை இல்லை. நமக்கு வேண்டியது 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 4, 10, 40 மடங்கில் பொருளருகு லென்ஸ்கள், ஆகமொத்தம் 400 மடங்கு வரை. கூடவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, பிம்பத்தைத் துல்லியமாக்கும் ஆடாத நுண்திருகு. சரி, இவ்வளவு போதும். தொகை குறைவாகச் சேர்ந்தால் இரண்டு வாங்குவோம், ஆனால் தரத்தைக் குறைத்து நான்கு வாங்க மாட்டோம்.

உங்களால் முடிந்த எந்தத் தொகையும் பெரிய உதவி. கொடுத்ததற்கு ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கை யார் கேட்டாலும் காட்டுவோம். பணமாகத் தர இயலாதவர்கள் ஸ்லைடு, கவர் ஸ்லிப், சாயம் வாங்கித் தரலாம், அல்லது ஒரு நாள் வந்து பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு போடக் கற்றுக்கொடுக்கலாம், உண்மையில் அதற்குத்தான் எங்களுக்கு ஆளே இல்லை. வீட்டு அலமாரியில் பழைய நுண்ணோக்கி கிடந்தால், மங்கலாகத் தெரிகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் அது லென்ஸில் படிந்த அழுக்குதான், எங்களிடம் கொடுங்கள், துடைத்துப் பார்க்கிறோம்.