பல் கிளினிக் ரூம் வேலை முடிஞ்சுது: உறுப்பினர்களுக்கு கமிட்டி கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். நாம சேந்து புள்ளைங்களுக்குப் போட்ட பல் கிளினிக் பத்தி, தரைக்கு ஏன் ரெண்டு தடவ செலவு, விலை கம்மியா காம்ப்ரசர் ஏன் வாங்கல, சாயங்காலம் ஏன் தொறக்கறீங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஓடிட்டிருக்கற கேள்விக்கெல்லாம் சேத்து இதுலயே பதில் சொல்லிடறோம்.

பெயின்ட், வயரிங், வாஷ்பேசின், கருவிங்கள நீராவியில கிருமி போக்கற ஆட்டோகிளேவ் எல்லாம் எஸ்டிமேட்டுக்குள்ளயே முடிஞ்சுது.

இழுத்தடிச்சது தரைதான். டென்டல் சேருக்கு தண்ணி லைன், காத்து லைன், கழிவுத்தண்ணி பைப், கரண்ட் எல்லாம் தரைக்கு அடியில வந்து சேர் காலடியில மேல எழும்பணும். அந்த டிராயிங்க மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி நீல டிக்கும் விழுந்தாச்சு, ஆனா அவரு பாட்டுக்கு டைல்ஸ ஒட்டி முடிச்சுட்டாரு, சேர் மாட்ட வந்த பையன் டேப்ப வெச்சு அளந்துட்டு "பைப் எங்க சார்?"னு கேக்கறான். புது டைல்ஸ உடைச்சு திரும்பப் போட மேஸ்திரி 18 ஆயிரம் கேட்டாரு, டிராயிங்கே வரலன்னு வேற சாதிச்சாரு, போனை நீட்டிக் காட்டின பொறவுதான் குரல் எறங்குச்சு. கடைசியில டைல்ஸ், சிமென்ட் காசு நம்மது, ஆள் கூலி அவருதுன்னு பேசி முடிச்சோம். அதயும் ஏன் குடுத்தீங்கன்னு கேக்கறவங்க, பாதி வேலையில இன்னொரு மேஸ்திரிய புடிச்சுட்டு வந்து காட்டட்டும்.

சேருக்குக் காத்து குடுக்கற காம்ப்ரசர்: பஞ்சர் கடையில இருக்கறது விலை கம்மிதான், வாஸ்தவம். அதுல காத்தோட எண்ணெயும் கலந்து வரும், எண்ணெய் பட்ட பல்லுல ஃபில்லிங் ஒழுங்கா ஒட்டாது.

விழப்போற பால் பல்லுக்கு எதுக்கு இவ்ளோ செலவுன்னாரு ஒரு பெரியவர். ஐயா, பின்னாடி பால் கடைவாய்ப்பல் விழ 10, 12 வயசாகும், அதுவரைக்கும் அந்தப் புள்ள ஒரு பக்கமாவே மென்னுட்டிருக்கணுமா? அந்தப் பால் கடைவாய்ப்பல்லுக்கு அடுத்து உள்பக்கமா 6 வயசு வாக்குல முளைக்கறது நிரந்தரப் பல்லு, அதயும் பால் பல்லுன்னே நெனச்சு சொத்தையாக விட்டுடறாங்க.

சாயங்காலம் 5 மணிக்கு மேல தொறக்கறது டாக்டருங்க வசதிக்கு இல்ல. புள்ளைங்க உடம்பப் பரிசோதிக்க ஸ்கூலுக்கு வர்ற ஆர்பிஎஸ்கேங்கற அரசு திட்டத்து டீம் வாயைப் பாத்து சீட்டு எழுதிக் குடுக்கத்தான் செய்யறாங்க, அந்தச் சீட்ட எடுத்துட்டு பகல்ல ஜிஎச்சுக்குப் போனா அம்மாவுக்கு அன்னிக்கு கூலி போச்சு. சீட்டு புஸ்தகப் பையிலயே மடங்கிக் கெடக்குது.

நன்றி: சேருக்குப் பெரும்பங்கு போட்ட 1994 பத்தாவது பேட்ச், காம்ப்ரசர் தந்த ஹார்டுவேர் கடை முதலாளி, பூ மார்க்கெட் அக்காமார், ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிங்க, துபாய்ல இருந்து அனுப்பின மூணு பேரு, பேரே வேணாம்னுட்ட ரிட்டயர்டு டீச்சரம்மா. டியூப்லைட்லயும் ஃபேன் ரெக்கையிலயும் உபயம்னு பேரு எழுதறதில்லன்னு கமிட்டி முடிவு, கோவிச்சுக்காதீங்க.

எக்ஸ்ரே மெஷின் இப்பத்திக்கு இல்ல, அதுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல அனுமதி வாங்கணும். பில் ஃபைல் ஆபீஸ்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாருங்க, குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போடாதீங்க.