கவுண்ட்டரை விட்டு எழுந்து வந்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை மதிப்பெண்கள் வந்துவிட்டன. புள்ளியியலில் தேறிவிட்டேன். ஆங்கிலத்துக்கு 'இன்கம்ப்ளீட்' போட்டிருக்கிறார்கள். பாக்கி இருக்கும் கட்டுரையை அடுத்த செமஸ்டரில் எழுதிக் கொடுத்தால் போதும். அக்கவுண்டிங்கை மட்டும் விட்டுவிட்டேன். அக்டோபரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்.

முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்தங்கிய தம்பிகள், இன்சூரன்ஸ் காகிதங்களை வரிவரியாகப் படித்துச் சொன்ன அண்ணன், ஊரிலிருந்து கிளம்பி வந்த அத்தை, எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்வேன்.

ஆனால் இந்த மடலில் தமிழ் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இங்கே கலிபோர்னியாவில் எங்கள் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியில், மாணவர் சேர்க்கை கவுண்ட்டரில் இருப்பவர். என் அம்மா வயது இருக்கும். அவருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். அவர் செய்தது நம் ஆட்களுக்கும் தெரியவேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எல்லா வகுப்புகளையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் அவரிடம் போனேன். பாடத்தின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' ஒவ்வொன்றுக்கும் 46 டாலர் கட்டியிருந்தோம், போனது போகட்டும் என்றிருந்தது. எந்தப் படிவம் என்று கேட்டேன். அவர் படிவத்தைத் தரவில்லை, காரணத்தையும் கேட்கவில்லை. "உன் ஆசிரியர்களிடம் பேசினாயா?" என்றார். இல்லை என்றேன். என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். ஒரு துண்டுச்சீட்டை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்: "இந்த வகுப்பில் தொடர ஆசைப்படுகிறேன், அதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எழுந்து என்னுடன் நடந்து வந்தார். இரண்டு கட்டிடம் தாண்டி, மாடியேறி, புள்ளியியல் ஆசிரியரின் அறை வாசல் வரைக்கும். கதவைத் தட்டியதும் அவர்தான்.

உள்ளே போய் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் படித்தேன். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். விட்டுப்போன தேர்வை எப்போது எழுதலாம், எந்தப் பாடங்களை முதலில் பிடிக்கவேண்டும் என்று அவரே பட்டியல் போட்டுக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில்தான் மற்ற இரண்டு ஆசிரியர்களையும் போய்ப் பார்த்தேன்.

நான் ஏன் அதுவரை போகவில்லை என்பதை நம் ஊரில் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒருவர் நின்றால் ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்கிறார் என்றுதான் நமக்கு அர்த்தம். இங்கே ஆசிரியர்களுக்கு 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்று வாரத்தில் குறிப்பிட்ட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மாணவர்களுக்காகக் காத்திருப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. முதல் நாள் கொடுக்கும் சிலபஸ் தாளில் நேரமும் அறை எண்ணும் அச்சாகியிருக்கும். நாம் போவது தொந்தரவு இல்லை. பல அறைகளில் அந்த நேரத்தில் ஆசிரியர் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார், அதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் அந்தக் கவுண்ட்டர் அம்மா வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். கலிபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் விதி பொதுவானது. செமஸ்டரில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டால் சாதாரணமாக வகுப்பிலிருந்து விலக முடியாது. சில காலேஜ்களில் கெடு அதற்கும் முன்பே வரும். தொடக்க வாரங்கள் தாண்டி, அந்தக் கெடுவுக்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகினார் என்ற குறி) விழும். விபத்து, நோய் போல நம் கையை மீறிய காரணம் என்றால், அத்தாட்சியோடு மனு கொடுத்து 'இ டபிள்யூ' (தக்க காரணத்தோடு விலகினார் என்ற குறி) கேட்கலாம். கிடைத்தால் அது எத்தனை முறை விலகினோம் என்ற கணக்கில் சேராது. அக்கவுண்டிங்குக்கு எனக்குக் கிடைத்தது அதுதான். 'இன்கம்ப்ளீட்' வாங்கினால் பாக்கியை முடிக்க அதிகபட்சம் ஒரு வருடம். நிதியுதவி வாங்குபவர்கள் எந்த வகுப்பையும் விடுவதற்கு முன்னால் நிதியுதவி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அங்கே கணக்கு வேறு.

இந்த விவரமெல்லாம் காலேஜ் வலைத்தளத்தில் இருக்கிறது, மறைத்து வைக்கவில்லை. ஆனால் மனசு கலங்கியிருக்கும்போது வலைத்தளம் எதற்கும் உதவாது, கூட ஒரு ஆள் வேண்டும். அந்த அம்மாவுக்கு அன்று வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். படிவத்தை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜனவரியில் அடுத்த செமஸ்டர் தொடங்குகிறது. குழந்தைகள் வளர்ந்தபின் மறுபடி படிக்கலாமா என்று யோசிக்கும் அக்காமார், பள்ளி முடித்து முதல்முறை உள்ளே நுழையும் பிள்ளைகள், யாராக இருந்தாலும் எங்கள் காலேஜில் சேர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள். முதல் வாரமே உங்கள் ஆசிரியர் அறை வாசல் வரைக்கும் நான் கூட வருகிறேன். தயக்கமாக இருந்தால் கதவையும் நானே தட்டுகிறேன். சிலபஸ் தாளை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.