மணிக்கொரு தடவை மெமரியை அடுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் லினக்ஸ் சர்வர் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரை, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் வைத்து மணிக்கொரு தடவை 'காம்பேக்ட்_மெமரி' கோப்பில் 1 எழுதச் சொல்கிறது. எழுதினால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், 'பக்கம்' எனப்படும் மெமரித் துண்டுகளை நகர்த்தி அடுக்கும். இதுதான் காம்பேக்‌ஷன். சிதறிய காலியிடம் ஒன்றுசேரும் என்பது சரிதான். அதற்கு என்ன விலை என்று கட்டுரையில் இல்லை.

2010இல் கெர்னலின் 2.6.35 பதிப்போடு வந்த காம்பேக்‌ஷனில் இரண்டு ஸ்கேனர்கள். ஒன்று மெமரி மண்டலத்தின் அடியிலிருந்து மேலேறி, நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கும். மற்றது உச்சியிலிருந்து இறங்கிக் காலிப் பக்கங்களைச் சேர்க்கும். இரண்டும் சந்தித்தால் வேலை முடிந்தது. 4 கேபி பக்கங்கள் 512 தொடர்ச்சியாகக் காலியானால்தான் ஒரு 2 எம்பி பெரிய பக்கம் தேறும். நடுவில் கெர்னலின் சொந்தப் பக்கம் ஒன்று நகராமல் கிடந்தால் போச்சு.

ஸ்கேனர் போவது முகவரி வரிசையில். மெமரி தட்டுப்பாடானால் எதைக் கழிப்பது என்று கெர்னல் பார்ப்பதோ, பக்கங்கள் எப்போது புழங்கின என்ற வரிசையில் உள்ள எல்ஆர்யூ பட்டியலை. புதிதாக வந்தது அதன் தலையில், வெகுநேரம் தொடப்படாதது வாலில், கழிப்பது வாலிலிருந்து. காம்பேக்‌ஷன் 32, 32 பக்கங்களாக உருவி, வேறிடத்தில் நகலெடுத்து, புதுப் பக்கத்தைத் தலையில் சேர்த்துவிடுகிறது. புழக்கத்தில் உள்ளது என்று காட்டும் ஆக்டிவ் என்ற குறி நகலோடு கூடவே போகும். பட்டியலில் நின்ற இடம் கூட வராது. ரெக்கார்டு ரூமில் அடியில் கிடந்த தூசிக் கட்டை அலமாரி மாற்றி மேலே வைத்தது போலத்தான். கழிக்க வருகிறவர் அடியிலிருந்து உருவுவார். அவர் கையில் சிக்குவது நேற்றுவரை புழங்கிய கட்டு. இதில் கொடுமை, நகர்த்த முடியாமல் திரும்பி வந்த பக்கமும் தலைக்கே போகிறது.

2011இல் கெர்னல் நிரலாளர் மின்சான் கிம் இதற்கு ஒரு பேட்ச் (திருத்த நிரல்) தொகுப்பு அனுப்பினார். உருவும்போதே முன்னும் பின்னும் நின்ற பக்கங்களைக் குறித்துக்கொள்வது. திரும்பும்போது அவை அடுத்தடுத்தே நின்றால் நடுவில் செருகுவது. இல்லாவிட்டால் பழையபடி தலைக்கு. நல்ல யோசனை. மூலக் கெர்னலில் சேரவில்லை.

எனவே 1 எழுதுமுன், எந்த அளவில் எத்தனை காலித் துண்டுகள் என்று காட்டும் 'படிஇன்ஃபோ' கோப்பைப் பாருங்கள். சாதாரண 64 பிட் இன்டெல் சர்வரில் வரிக்கு 11 எண்கள். பத்தாவது, 2 எம்பி துண்டுகளின் கணக்கு. அது பூஜ்யமானாலும், மெமரிக் கணக்குகள் உள்ள 'விஎம்ஸ்டாட்' கோப்பில் 'காம்பேக்ட்_ஸ்டால்' எண் ஏறவில்லை என்றால் எந்த புரோகிராமும் அதற்காகக் காத்துக் கிடக்கவில்லை. 1 எழுதிய பின் அதே கோப்பில் 'ஒர்க்கிங்செட்_ரீஃபால்ட்_ஃபைல்' மளமளவென ஏறினால், வேண்டியதைக் கழித்துவிட்டு மறுபடி டிஸ்கிலிருந்து படிக்கிறது என்று அர்த்தம்.

டேட்டாபேஸுக்குப் பெரிய பக்கங்கள் கட்டாயம் வேண்டுமென்றால் பூட் ஆகும்போதே ஒதுக்கிவிடுங்கள். அப்போது மெமரி சிதறியிருக்காது. மற்றபடி, கெர்னல் தானே பின்னணியில் அடுக்குவதற்கு 5.9 பதிப்பிலிருந்து 'காம்பேக்‌ஷன்_புரோஆக்டிவ்னெஸ்' என்ற அமைப்பு 20 என்றே வருகிறது. அதுவும் வரிசையைக் குலைக்கும்தான். ஆனால் சிதறல் ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டுமே எழும், மணியடித்ததும் எழாது. கிரானில் அந்த வரியை நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோவை