பரிசு கொடுங்கள், படம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகை வந்தால் பத்திரிகையில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். பெரியவர்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு பிள்ளை பரிசுப் பொட்டலத்தோடு கேமராவைப் பார்க்க, கீழே 'ஏழைக் குழந்தைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது' என்று ஒரு வரி, அப்புறம் கொடுத்தவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக. இப்படிப் பரிசு திரட்டிக் கொடுக்கும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன், அதனால் கொடுப்பவர்களின் மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் படம் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

விடுமுறை முடிந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டுமே! பக்கத்தில் உட்காருகிறவன் படத்தைப் பார்த்திருப்பான், பார்க்காவிட்டாலும் அவன் வீட்டு வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஒரு பொம்மை வாங்கியதற்காக 'நாங்கள் இல்லாதப்பட்டவர்கள்' என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டிய கட்டாயம் பெரியவர்களான நமக்கு வந்தால் சும்மா இருப்போமா? குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-இலேயே வந்துவிட்டது. குழந்தையின் அந்தரங்கத்துக்கும் கௌரவத்துக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. பெற்றோரிடம் சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம் என்பார்கள். பரிசு எதிர்த்தாற்போல் மேஜையில் இருக்கும்போது எந்த அம்மாவால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

பிள்ளையை முன்னால் நிறுத்தாமலே கொடுக்க முடியும் என்பதற்கு வெகுநாளைய உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1979-இல், வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஒரு தம்பதி குழந்தைகளின் ஆசைகளை வாழ்த்து அட்டைகளில் எழுதி ஒரு கடைவளாகத்தில் இருந்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். வருகிறவர் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய் அதில் உள்ளதை வாங்கித் தரலாம், பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நாட்டுத் தபால் துறையோ 1912-இலிருந்து, சாண்டாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்குப் பொதுமக்களும் பதில் போடலாம் என்று விட்டிருக்கிறது. இப்போது குடும்பப் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுத்தான் கடிதத்தைக் காட்டுகிறார்கள்.

எங்கள் குழுவும் சீட்டு முறைதான். பெயர் இருக்காது. 'வயது 9, பெண், பூட்டு வைத்த டைரி' என்று ஒரு சீட்டு, 'வயது 14, பையன், இயர்போன்' என்று இன்னொன்று. இந்த இரண்டாவது சீட்டைப் பார்த்த ஒருவர், கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைக்கு இயர்போன் எதற்கு, நோட்டுப் புத்தகம் கொடுத்தால் உருப்படுமே என்றார். உங்கள் வீட்டில் 14 வயதுப் பையன் கேட்டால் என்ன வாங்கித் தருவீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. பொதுவாகவே கரடி பொம்மை மூட்டை மூட்டையாக வந்து சேரும், 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் சீட்டுகள்தான் கடைசிவரை தொங்கிக்கொண்டிருக்கும்.

பரிசுகளை நாங்கள் பெற்றோரிடம்தான் கொடுக்கிறோம், அதுவும் சுற்றாமல், கூடவே பளபளத் தாளையும் கொடுத்துவிடுவோம். ஒரு அம்மா தாளை வாங்கிக்கொண்டு, "நானே வாங்கினதா சொல்லிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள், அதற்குத்தானே இந்த ஏற்பாடு! சுற்றாமல் வாங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் கழன்று வருகிற சாமான் ஆகாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பட்டன் பேட்டரி அதைவிட மோசம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும், பேட்டரி போடும் இடத்து மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கொடுக்கும் நாளன்று வருகிறேன் என்பவர்கள் ஏராளம், முந்தின வாரம் தரையில் உட்கார்ந்து வயதுவாரியாகப் பிரிக்க வாருங்கள் என்றால் பாதிப் பேருக்கு மேல் வேறு வேலை வந்துவிடுகிறது. படம் எடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொன்னதும் சிலர் போனையே எடுப்பதில்லை, அதையும் பார்த்தாயிற்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. பண்டிகை முடிந்தபிறகு போடும் படத்துக்கு ஒதுக்கும் இடத்தைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலேயே கொடுங்கள். எந்தக் குழு பரிசு திரட்டுகிறது, எந்த வயதுக்கு என்ன குறைகிறது, பிரித்து அடுக்க எந்தக் கிழமை ஆள் தேவை என்று நாலு வரி போட்டால் போதும். படம் கட்டாயம் வேண்டும் என்றால் பொட்டலங்களை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்களை எடுங்கள், எங்களுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்