அசைந்தால்தான் சாப்பாடு

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை முடிந்ததும் இவன் ஏன் வீட்டுக்கு ஓடுகிறான், சனி ஞாயிறுகூட ஏன் எங்கும் போவதில்லை என்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். பயப்பட வேண்டாம் என்று சொல். ஆள் யாரும் இல்லை, நியூட் குஞ்சுகள்தான்.

நீ பார்த்திருக்க வாய்ப்பில்லை. உருவம் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குத்தான் உறவு. செதில் கிடையாது, ஈரத் தோல், முட்டை தண்ணீரில். என்னிடம் இருப்பது மார்பிள்ட் நியூட். வளர்ந்தால் உடம்பெல்லாம் கறுப்பும் பச்சையும் கலந்து அழகாக இருக்கும். பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குளங்கள்தான் இதன் பூர்வீகம். என்னுடையவை குளத்தில் பிடித்தவை அல்ல. கூட வேலை பார்ப்பவர் பல வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறார், அவர் கொடுத்த முட்டைகள். வீட்டு ஒப்பந்தத்தில் நாய் பூனை கூடாது என்றுதான் இருக்கிறது, தண்ணீரில் இருப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை!

பெண் நியூட் ஒவ்வொரு முட்டையாக இட்டு, நீர்ச்செடியின் இலையைப் பின்னங்காலால் மடித்து அதற்குள் ஒட்டி வைக்கும். அவ்வளவு பக்குவமாக வைத்தும் பாதி முட்டை செத்துவிடும். தண்ணீர் சரியில்லையோ என்று நினைக்கத் தோன்றும். காரணம் அதுவல்ல. இந்த இனத்தில் முதலாம் குரோமோசோமுக்கு இரண்டு வடிவம் உண்டு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே வடிவம் வந்த கரு பிழைக்காது. பாதிதான் கணக்கு. நண்பர் இதை முன்பே சொல்லிவிட்டதால் என் தூக்கம் தப்பித்தது.

பொரித்து வரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். கழுத்தின் இரு பக்கமும் இறகு போலச் செவுள், மோவாய்ப் பக்கம் இரண்டு மெல்லிய குச்சிகள். அந்தக் குச்சிகளால் செடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே போதும், தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். அப்புறம்தான் நம் வேலை ஆரம்பம்.

இவை செத்ததைச் சாப்பிடாது. தேடிப் போகவும் போகாது. வாய்க்கு முன்னால் ஏதாவது அசைந்தால் மட்டும் லபக்கென்று பிடிக்கும். ஆகவே மீன் குஞ்சுக்குப் போடும் தூள் இங்கே வெறும் குப்பை. உயிரோடு இருக்க வேண்டும், வாய்க்கு அடங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நீந்திக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆர்ட்டீமியா என்ற உப்பு நீர் இறாலின் குஞ்சை மிஞ்சியது இல்லை என்பது என் கட்சி. பொடிப்புழு வளர்ப்பது சுலபம்தான், ஆனால் அது அடியில் போய்ப் படிந்துவிடும், சத்தும் குறைவு.

ஆர்ட்டீமியாவின் முட்டை காய்ந்த தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, அடியிலிருந்து காற்றுக் குமிழி, விளக்கு வெளிச்சம், 26 முதல் 28 டிகிரி சூடு. ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காதவை அடியில் தங்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சிறால்கள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அவற்றை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிப் போட வேண்டும். நேரம் ஆக ஆக அதன் சத்துக் குறையும் என்பதால் பொரித்தவுடன் கொடுப்பது நல்லது. நான் இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். போட்ட அரை மணியில் நியூட் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். உடம்பு கண்ணாடி மாதிரி என்பதால் யார் சாப்பிட்டது, யார் பட்டினி என்று பார்த்தாலே போதும்.

நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்து அழுகத் தொடங்கும். மீந்ததை டிராப்பரால் உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரைச் சேர்க்கிறேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இப்போது புரிகிறதா ஏன் ஓடுகிறேன் என்று?

இன்னொரு வேடிக்கை. வீட்டில் குளிர் அதிகமான வடக்கு அறையில் நான் போர்வையோடு உட்கார்ந்திருப்பேன், இவற்றுக்கு அந்த அறைதான் சொர்க்கம். 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நன்றாக இருக்கும், 24-ஐத் தாண்டினால் கஷ்டம். பக்கத்து அறையில் ஆர்ட்டீமியா பாட்டிலுக்கு விளக்குப் போட்டுச் சூடேற்றுகிறேன். வந்த நாளிலிருந்து இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தவன், இப்போது வெயில் ஏறினால் கவலைப்படுகிறேன்.

பசி வந்தால் கூடப் பிறந்ததன் காலையே கடித்துவிடும். கடிபட்ட கால் திரும்ப முளைத்துவிடும் என்றாலும், பெரிதையும் சிறிதையும் தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறேன், ஒளிந்துகொள்ள நிறையப் பாசியும் போட்டிருக்கிறேன். தவளைக்குப் பின்னங்கால் முதலில் தெரியும், இவற்றுக்கு முன்னங்கால். நாலு காலும் வந்ததும் டாப்னியா என்ற நீர்ப்பூச்சி, கொசுப்புழு, நறுக்கிய மண்புழு என்று தீனி பெரிதாகும்.

ஒரு கண்டிப்பு மட்டும் நண்பர் வைத்திருக்கிறார்: தொட்டித் தண்ணீரோ செடியோ ஒரு துளிகூட வெளிக் குளத்துக்குப் போகக் கூடாது, குஞ்சுகளையும் விடக் கூடாது. சாலமாண்டர்களை (நியூட்டும் அந்த வகைதான்) கொல்லும் ஒரு பூஞ்சையை 2013-இல் ஐரோப்பாவில் அடையாளம் கண்டார்கள். அது வளர்ப்பு உயிரிகள் வழியாகவும் பரவும்.

ஆகஸ்ட் வாக்கில் செவுள் சுருங்கி நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். அந்தச் சமயம் ஏறி உட்கார மிதக்கும் மரப்பட்டை வைக்காவிட்டால் மூழ்கிச் சாகும், மூடி இல்லாவிட்டால் ஈரக் கண்ணாடியில் ஏறி ஓடிப்போகும். கரையேறிய குட்டிகளுக்குப் பழ ஈ, சின்னப் புழு. வாரத்தில் மூன்று நான்கு தடவை கொடுத்தால் போதும், அதை நண்பர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அதனால் டிக்கெட்டைச் செப்டம்பருக்குப் போடுகிறேன், ஆகஸ்டுக்கு வேண்டாம். அம்மாவிடம் விவரமாக நீயே சொல். பல்லி வளர்க்கிறான் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் தம்பி