எண்ணிக்கையே போதும், ஏன் இத்தனை அடைமொழி?

ஆசிரியருக்கு,

உப்புச் சத்தியாகிரகம் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் வரிக்கு வரி ‘கொடூர’, ‘ஈவிரக்கமற்ற’, ‘நெஞ்சைப் பிளக்கும்’ என்று வந்தும் மனதில் ஒரு காட்சிகூட நிற்கவில்லை.

1930 மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பளத்தில் நடந்ததை நேரில் பார்த்து எழுதியவர் அமெரிக்க நிருபர் வெப் மில்லர். இரும்புப் பூண் போட்ட தடிகளோடு போலீசார் நிற்க, தொண்டர்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். விழுகிற அடியைத் தடுக்க ஒருவரும் கையைக்கூடத் தூக்கவில்லை என்கிறார். மண்டையில் தடி விழும் சத்தம் அவருக்குக் கேட்கிறது. ஸ்ட்ரெச்சருக்குப் பதிலாக, அடிபட்டவர்களைப் போர்வையில் போட்டுத் தூக்குகிறார்கள். அப்புறம் சிகிச்சைக் கொட்டகைக்குப் போய்க் காயம்பட்டவர்களை எண்ணுகிறார்: 320 பேர். அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, அவ்வளவு தூரம் போவானேன்? அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தச் செய்தி உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம். அடுத்த முறை இப்படிப்பட்ட காட்சிகளுக்கு இடம் ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகப்பட்டினம்